வேருக்குச் சாட்சி யார்?

ஆதார் அட்டையைப் பி.டி.எஃப். கோப்பாக இறக்கிக்கொண்டு, அதைக் கணினியில் அக்ரோபாட் ரீடரில் திறந்து பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் நிறக் கேள்விக்குறி ஒன்று நின்றுகொண்டு, இந்தக் கையொப்பம் செல்லுபடியாகுமா என்பது தெரியவில்லை என்று அறிவிக்கும். அரசாங்கமே வழங்கிய ஆவணத்தைப் பார்த்துக் கணினி இப்படிச் சந்தேகப்படுவது ஏன் என்று பலரும் திகைத்துப்போகிறார்கள். இதற்குப் பரிகாரமாக ஆதார் ஆணையமே ஒரு வழியைச் சொல்லியிருக்கிறது. கேள்விக்குறியின்மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, கையொப்பத்தின் விவரங்களுக்குள் புகுந்து, அங்கே வரிசையாக நிற்கும் சான்றிதழ்களில் உச்சியிலுள்ள 'சிசிஏ இந்தியா' என்பதைத் தேர்ந்தெடுத்து, நம்பத்தக்கவர்களின் பட்டியலில் அதை நம் கையாலேயே சேர்த்துவிட வேண்டும். அதன் பிறகு மீண்டும் சோதித்துப் பார்த்தால் கேள்விக்குறி மறைந்து பச்சை நிறச் சரிக்குறி வந்துவிடும்.

இந்த 'சிசிஏ' யார்? மின்னணுக் கையொப்பங்களுக்குச் சான்றளிக்கும் ஸ்தாபனங்களுக்கு உரிமம் வழங்கவும், அவற்றை மேற்பார்வையிடவும், 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மத்திய அரசு நியமித்திருக்கும் கட்டுப்பாட்டாளர்தான் அவர். அவருடைய அலுவலகம் வைத்திருக்கும் வேர்ச் சாவியானது உரிமம் பெற்ற ஸ்தாபனங்களின் சாவிகளுக்குக் கையொப்பமிடுகிறது. அந்த ஸ்தாபனங்கள் ஆடிட்டர்களுக்கும், அரசு அதிகாரிகளுக்கும், கம்பெனி இயக்குநர்களுக்கும் சான்றிதழ் தருகின்றன. நிலம் வாங்குகிறவர் ஒவ்வொரு கிரயப் பத்திரத்திற்கும் முந்திய பத்திரத்தைக் கேட்டுக்கேட்டுக் கடைசியில் தாய்ப்பத்திரத்தில் போய் நிற்பதுபோல, நாமும் இந்தச் சங்கிலியில் ஏறிக்கொண்டே போனால், உச்சியில் இருக்கும் இந்திய வேர்ச் சான்றிதழுக்கு வேறு எவரும் கையொப்பமிடவில்லை என்பதைக் காண்போம். அது தனக்குத் தானே கையொப்பமிட்டுக்கொண்டிருக்கிறது.

இதில் குறை ஒன்றும் இல்லை. உலகத்தில் உள்ள வேர்ச் சான்றிதழ்கள் யாவும் இப்படித்தான் இருக்கின்றன. வங்கியின் இணையத்தளத்திற்குச் சாட்சி சொல்லும் பெரிய வெளிநாட்டு ஸ்தாபனங்களின் வேர்களும் தாமே கையொப்பமிட்டுக்கொண்டவைதாம். பிரவுசரையோ இயக்க முறைமையையோ தயாரித்தவர்கள் அவற்றை முன்னதாகவே நம் கணினிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதொன்றே வித்தியாசம். ஆகவே, 'செல்ஃப் சைன்ட்' என்ற சொல்லைக் கேட்டவுடனே அதைப் போலிச் சான்றிதழ் என்றோ, ஏழைக்கேற்ற மாற்றுவழி என்றோ எண்ணுவது தகாது என்பதும், அந்தச் சான்றிதழின் மதிப்பு அதன் சாவி எப்படிப் பாதுகாக்கப்படுகிறது, அது நம்பவேண்டியவர்களின் கைக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது என்ற இரண்டையுமே பொறுத்தது என்பதும், இப்பதிவில் நான் சொல்ல விரும்பும் ஒரே கருத்தாகும். அதை விளக்குவதற்கு, எங்கள் ஊரில் நான் நடத்திவரும் சிறிய பரிசோதனைக் கூடத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக் கிளஸ்டருக்குச் சான்றிதழ் எதற்கு?

பென்னாகரம் வட்டத்தில் இருக்கும் எங்கள் பாப்பாரப்பட்டி, சுப்பிரமணிய சிவா தம் இறுதிக் காலத்தைக் கழித்து, 1925-ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று கண்மூடிய ஊர். பாரத மாதாவுக்கு இங்கே ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்று அவர் சங்கல்பம் செய்துகொண்டு, 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸை அழைத்து வந்து அடிக்கல் நாட்டச் செய்தார். பெரிய முயற்சிகளைப் பட்டணத்தில்தான் தொடங்க வேண்டும் என்னும் எண்ணத்திற்கு இவ்வூரில் வெகுகாலமாகவே இடமில்லை. தருமபுரியிலும் பாலக்கோட்டிலும் கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு, பெங்களூருக்கு வேலை தேடிப் புறப்படும் நம் பிள்ளைகள், அங்கே போய்த்தான் முதன்முதலில் கன்டெய்னர் என்ற சொல்லைக் கேட்க வேண்டும் என்ற நிலை மாற வேண்டும் என்ற ஆவலினால், பழைய மேசைக் கணினிகளையும் சில ராஸ்பெர்ரி பை அட்டைகளையும் இணைத்து, பல கணினிகளில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் ஒரு குபெர்னெட்டிஸ் கிளஸ்டரை என் வீட்டு மாடியில் அமைத்திருக்கிறேன்.

இதைப் பழக வருகிற பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுக்குள்ளேயே இருக்கிற கம்ப்யூட்டருங்களுக்கு எதுக்குங்க சார் சர்டிஃபிகேட்? சரிபார்க்க வேணாம்னு ஒரு ஆப்ஷன் இருக்கே, அதைப் போட்டுட்டா வேலை முடிஞ்சுதே?" என்பார்கள். அப்படி ஓர் ஆப்ஷன் இருப்பது உண்மைதான். ஏறக்குறைய ஒவ்வொரு கருவியிலும் அது இருக்கிறது. ஆனால் அதைப் போட்டுவிட்டால், சங்கேதமாக்கி அனுப்புவது அப்படியே நடந்தாலும், யாருக்கு அனுப்புகிறோம் என்ற நிச்சயம் மட்டும் போய்விடுகிறது. இடையில் புகுந்த வேறொரு கணினி நான்தான் சர்வர் என்று சொன்னால், அதனிடமும் நம் ரகசியங்கள் அனைத்தையும் பூட்டிய பெட்டியில் வைத்துப் பத்திரமாகக் கொடுத்துவிடுவோம். பூட்டுக்கு அங்கே பிரயோஜனம் இல்லை.

குபெர்னெட்டிஸைப் பொறுத்தவரையில் இதில் இன்னுமொரு விசேஷம் உண்டு. அதன் அங்கங்கள் ஒன்றோடொன்று பேசும்போது சர்வர் மட்டுமன்றி, சர்வரை அணுகுகிறவரும் சான்றிதழ் காட்டித்தான் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். சான்றிதழில் பொதுப்பெயர் என்ற இடத்தில் எழுதியிருப்பது பயனாளியின் பெயராகவும், ஸ்தாபனம் என்ற இடத்தில் எழுதியிருப்பது அவர் சார்ந்த குழுவாகவும் கொள்ளப்படுகின்றன. ஆகவே இங்கே சான்றிதழே அடையாள அட்டை. அதிகாரம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே. இதை அலட்சியம் செய்து பழகிய பிள்ளை, நாளைக்கு ஒரு மருத்துவமனையின் நோயாளிக் குறிப்புகள் ஓடும் கிளஸ்டரிலும் அதே பழக்கத்தைத்தான் கைக்கொள்வான்.

லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் ஸ்தாபனம் 2015 டிசம்பர் முதல் இலவசமாகவே சான்றிதழ் தருகிறதே, அதை வாங்கிக்கொள்ளலாகாதா என்று கேட்பதும் நியாயமே. சொந்தமாக ஒரு பொது இணையப் பெயரை வாங்கி வைத்திருப்பவர்கள் அதன் வழியாகத் தம் வீட்டுக் கணினிகளுக்கும் சான்றிதழ் பெறலாம். ஆனால் அந்தப் பெயர்கள் எல்லாம் உலகம் பார்க்கும் பகிரங்கப் பதிவேடுகளில் ஏறிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வீட்டுக்குள் மட்டுமே வழங்கும் பெயர்களுக்கும், 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகளுக்கும் பொது ஸ்தாபனம் எதுவும் சான்றளிக்கலாகாது. முன்பு அப்படி அளித்திருந்தவற்றையும் 2016 அக்டோபர் 1-க்குள் ரத்து செய்துவிட வேண்டும் என்று, சான்றளிப்போரும் பிரவுசர் தயாரிப்போரும் கூடிய மன்றம் விதித்துவிட்டது. உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் 'சர்வர்' என்றே ஒரு கணினி இருக்குமானால், எந்தச் சர்வருக்கு என்று அந்த ஸ்தாபனம் சாட்சி சொல்லும்? ஆதலால் வீட்டுக் கிளஸ்டருக்கு நாமே வேராக நிற்பதுதான் முறை.

ஒரு வேரும் பல கிளைகளும்

தானே கையொப்பமிடுவதில் இரண்டு வகை உண்டு. அவற்றைப் பிரித்தறியாததனால்தான் பெரும்பாலான குழப்பங்கள் விளைகின்றன. முதல் வகையில், ஒவ்வொரு சேவையும் தனக்கென்று ஒரு சான்றிதழை உண்டாக்கித் தானே கையொப்பமிட்டுக்கொள்கிறது. பத்துச் சேவைகள் இருந்தால் பத்துச் சான்றிதழ்களையும் ஒவ்வொரு கணினியும் தனித்தனியே நம்ப வேண்டும். பதினோராவது வந்தால் மறுபடியும் எல்லாக் கணினிகளுக்கும் போக வேண்டும். இந்தச் சிரமத்தினால்தான் பிள்ளைகள் சோர்ந்துபோய்ச் சோதனையையே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது வகையில், ஒரே ஒரு வேர் மட்டும் தனக்குத் தானே கையொப்பமிட்டுக்கொள்கிறது. மற்றவை எல்லாம் அந்த வேரிடம் விண்ணப்பம் கொடுத்துக் கையொப்பம் பெறுகின்றன. கணினிகள் அந்த வேரை ஒருமுறை நம்பினால் போதும். நான் பின்பற்றுவதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதையே.

செய்முறை கடினமானதன்று. எல்லா லினக்ஸ் கணினிகளிலும் கிடைக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியே போதும். முதலில் வேருக்கு ஓர் அந்தரங்கச் சாவியை உண்டாக்குங்கள். 4096 பிட் ஆர்எஸ்ஏ சாவியோ, பி-256 என்னும் நீள்வட்ட வளைவுச் சாவியோ எதுவாயினும் தகும். எட்25519 என்ற புதிய வகை அழகியதுதான் என்றாலும் பிரவுசர்கள் அதைச் சான்றிதழில் ஏற்பதில்லை. இந்தச் சாவியை நல்ல கடவுச்சொல்லால் பூட்டி, கிளஸ்டரில் சேராத ஒரு பென் டிரைவில் வைத்து, அலமாரியில் பத்திரப்படுத்துங்கள். பின்பு அந்தச் சாவியைக் கொண்டே, இது மற்றவற்றிற்குச் சான்றளிக்கும் அதிகாரம் உடையது என்ற குறிப்போடும், சான்றிதழ்களில் கையொப்பமிடுவதே இதன் உபயோகம் என்ற குறிப்போடும், பத்தாண்டு ஆயுளுள்ள வேர்ச் சான்றிதழைத் தயாரியுங்கள். இக்குறிப்புகள் இல்லாவிட்டால், கையொப்பம் சரியாகவே இருந்தபோதிலும் சோதிக்கும் நிரல்கள் அதை வேராக ஏற்க மறுத்துவிடும்.

அடுத்து, சேவை ஓடும் கணினியிலேயே அதற்குரிய அந்தரங்கச் சாவியை உண்டாக்கி, அதன் பகிரங்கப் பகுதியை மட்டும் விண்ணப்பத்தில் வைத்து வேர் இருக்கும் இடத்திற்கு அனுப்ப வேண்டும். அந்தரங்கச் சாவி பிறந்த கணினியை விட்டு வெளியே போகவே கூடாது என்பது இந்தச் சாஸ்திரத்தின் முதல் விதி. விண்ணப்பத்தை வேர் பரிசீலித்துக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். திரும்பி வருவது பகிரங்கமான சான்றிதழ் என்பதனால், அதை யார் பார்த்தாலும் நஷ்டமில்லை. இவ்விடத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஒரு குணத்தை அறிந்திருப்பது நலம். விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் கூடுதல் விவரங்களை அது தானாகச் சான்றிதழுக்கு நகல் எடுப்பதில்லை. கையொப்பமிடுகிறவர் அவற்றைத் தனிக் கோப்பாகக் கொடுக்க வேண்டும், அல்லது நகல் எடுக்குமாறு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இதை வெறும் தொந்தரவு என்று எண்ண வேண்டாம். விண்ணப்பிக்கிறவர் கேட்டதையெல்லாம் படித்துப் பாராமல் தந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம் இதில் அடங்கியிருக்கிறது.

குபெர்னெட்டிஸை நிறுவும் கியூப்அட்மின் என்ற கருவி இவையனைத்தையும் தானே செய்துவிடுகிறது. கிளஸ்டருக்கு ஒரு வேர், எட்சிடி என்னும் தரவுக் கிடங்குக்கு ஒரு வேர், முன்னணிப் பிராக்ஸிக்கு ஒரு வேர் என்று மூன்று வேர்களை அது உண்டாக்கி, அவற்றுக்குப் பத்தாண்டு ஆயுளையும், அவற்றிலிருந்து கிளைக்கும் சான்றிதழ்களுக்கு ஓராண்டு ஆயுளையும் கொடுக்கிறது. நாம் முன்னதாகவே நம் வேரைக் கொண்டுபோய் அதற்குரிய கோப்புறையில் வைத்திருந்தால், புதிதாக உண்டாக்காமல் அதையே எடுத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் கிளஸ்டரைப் புதிய பதிப்புக்கு உயர்த்துகிறவர்களுக்குச் சான்றிதழ்களும் அப்போதே புதுப்பிக்கப்பட்டுவிடுவதனால், இந்த ஓராண்டுக் கணக்கு தெரியவே தெரியாது. அமைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறவர்களுக்கோ, ஓராண்டு நிறைந்த மறுநாள் காலையில் கட்டளைகள் எதுவும் ஏற்கப்படாமல் போகும்போதுதான் அது தெரியவரும். காலாவதித் தேதிகளைக் காட்டவும், எல்லாவற்றையும் ஒருசேரப் புதுப்பிக்கவும் அதே கருவியில் கட்டளைகள் இருக்கின்றன.

பெயர் எழுதும் இடம்

சான்றிதழில் சர்வரின் பெயரை எங்கே எழுதுவது என்பதில் பழைய பழக்கம் ஒன்றும் புதிய விதி ஒன்றும் மோதிக்கொள்கின்றன. முற்காலத்தில் பொதுப்பெயர் என்ற இடத்தில் எழுதினாலே போதுமானதாக இருந்தது. 2017 ஏப்ரலில் வெளிவந்த குரோம் 58 அந்த இடத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. குபெர்னெட்டிஸ் எழுதப்பட்ட கோ மொழியும் பிற்பாடு அவ்வாறே செய்துவிட்டது. இப்பொழுது மாற்றுப்பெயர்கள் என்ற தனிப் பகுதியில் எல்லாப் பெயர்களையும் முகவரிகளையும் எழுதியாக வேண்டும். பழைய குறிப்புகளைப் பார்த்து அப்படியே செய்து, ஏன் நிராகரிக்கப்படுகிறது என்று தெரியாமல் தவிக்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இதுவே.

கிளஸ்டரின் தலைமைச் சர்வருக்குப் பெயர்கள் பல. உள்ளே இருப்பவர்கள் அதைக் குபெர்னெட்டிஸ் என்றும், அதனோடு டீஃபால்ட், எஸ்விசி, கிளஸ்டர் லோக்கல் என்று நீளும் பெயர்களாலும் அழைக்கிறார்கள். கியூப்அட்மின் வழக்கமாகக் கொடுக்கும் 10.96.0.1 என்ற உள்முகவரியாலும் அணுகுகிறார்கள். வெளியே என் மேசையிலிருந்து நான் அழைப்பதோ வீட்டு வலையமைப்பு கொடுத்த முகவரியால். இவற்றில் ஒன்று விடுபட்டாலும், அந்தப் பெயரால் அழைத்தவருக்கு மட்டும் கதவு திறக்காது. ஆகவே அமைக்கும்போதே வெளிப்பெயரையும் வெளிமுகவரியையும் கூடுதலாகச் சேர்த்துவிடுவது உத்தமம்.

வீட்டுப் பெயர்களுக்கு எந்த ஈற்றைச் சூட்டுவது என்பதும் யோசிக்கத்தக்கது. வீட்டு வலையமைப்புகளுக்கென்றே 'ஹோம் டாட் ஆர்ப்பா' என்ற ஈறு 2018-இல் ஒதுக்கப்பட்டது. 'இன்டர்னல்' என்ற ஈற்றைத் தனியார் உபயோகத்திற்கு ஐகான் ஸ்தாபனம் 2024-இல் ஒதுக்கிவைத்தது. இவ்விரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வதே விவேகம். ஏனெனில் நாமாக ஒரு ஈற்றைப் புனைந்துகொண்டால், அது நாளைக்கு வேறொருவருக்கு உரிய பொதுப்பெயராகிவிடக்கூடும்.

கையால் கொண்டுபோய்ச் சேர்ப்பது

சான்றிதழ் தயாரிப்பது இக்காரியத்தில் சிறு பகுதியே. வேரை நம்பவேண்டிய இடங்களுக்கெல்லாம் வேறு எவரும் இடையில் மாற்றிவிடாதபடி கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பகுதி. சங்கிலியில் உள்ள மற்றச் சான்றிதழ்களை அவற்றுக்கு மேலே உள்ள கையொப்பத்தைக் கொண்டு சோதித்துவிடலாம்; வேரைச் சோதிக்க அதன் கையொப்பம் உதவாது, ஏனெனில் எவரும் எந்தப் பெயரிலும் ஒரு வேரை உண்டாக்கித் தாமே கையொப்பமிட்டுவிட முடியும். ஆகவே வேறொரு வழியால், அதாவது பென் டிரைவில் கையோடு எடுத்துச் செல்வதாலோ, அல்லது வேரின் கைரேகை எனப்படும் 64 எழுத்துச் சுருக்கத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் ஒப்பிட்டுப் பார்ப்பதாலோதான் அதை உறுதிப்படுத்த வேண்டும்.

இந்தத் தத்துவத்தைக் குபெர்னெட்டிஸை ஆக்கியவர்கள் மிக அழகாகக் கையாண்டிருக்கிறார்கள். தலைமைக் கணினியை அமைத்து முடித்தவுடன், மற்றக் கணினிகளைச் சேர்ப்பதற்குரிய நீண்ட கட்டளை ஒன்று திரையில் வரும். அதில் 24 மணி நேரத்தில் காலாவதியாகும் ஒரு டோக்கனும், வேரின் பகிரங்கச் சாவியினுடைய கைரேகையும் இருக்கும். டோக்கன், சேர வருகிற கணினி யார் என்று தலைமைக்குச் சொல்கிறது; கைரேகை, தலைமை யார் என்று சேர வருகிறதற்குச் சொல்கிறது. அந்தக் கட்டளையை ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு நாம் நகல் எடுத்துச் செல்லும் அந்தச் சிறு செய்கையில்தான் கிளஸ்டரின் நம்பிக்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. கைரேகையைச் சோதிக்காமலே சேர்வதற்கும் ஓர் ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் பெயரிலேயே அபாயம் என்ற பொருளுள்ள சொல்லைச் சேர்த்து எச்சரித்திருக்கிறார்கள்.

வேரைக் கணினியில் வைத்துவிட்டால் கன்டெய்னர்களும் அதை நம்பிவிடும் என்று எண்ணலாகாது. ஒவ்வொரு கன்டெய்னர் இமேஜும் தன்னுடைய நம்பிக்கைப் பட்டியலைத் தன்னுள்ளேயே சுமந்துகொண்டு வருகிறது. வெளியே இருக்கும் கணினியின் பட்டியல் அதன் கண்ணுக்குத் தெரியாது. இமேஜைத் தயாரிக்கும்போதே வேரை உள்ளே சேர்ப்பது ஒரு வழி. ஓடும்போது வெளியிலிருந்து ஒரு கோப்பாக இணைத்துக் கொடுப்பது மற்றொரு வழி. ஜாவா நிரல்கள் தமக்கென்று தனிக் கிடங்கு வைத்திருக்கின்றன. பைத்தானில் பெரும்பாலும் உபயோகமாகும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகமும் தனிப் பட்டியலையே பார்க்கிறது. இமேஜ்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைப் பொறுத்தவரையில், டாக்கருக்கும் கன்டெய்னர்-டிக்கும் அந்தந்த ரெஜிஸ்ட்ரியின் பெயரில் ஒரு கோப்புறை அமைத்து அதனுள் வேரை வைப்பதற்கு வழி இருக்கிறது. அதைச் செய்ய வேண்டுமேயன்றி, பாதுகாப்பற்ற ரெஜிஸ்ட்ரி என்று அறிவித்துவிட்டு ஒதுங்குவது முறையாகாது. கைப்பேசிகளிலும் இதே கதைதான். ஐஃபோனில் வேரை நிறுவியபின் அமைப்புகளுக்குள் சென்று முழு நம்பிக்கையைத் தனியே இயக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 7 முதல், நாம் சேர்த்த வேரைப் பெரும்பாலான செயலிகள் தாமாக நம்புவதில்லை.

மின்தடையும் கடிகாரமும்

நம் பக்கத்துச் சூழ்நிலைக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சான்றிதழில் தொடக்க நேரம், முடிவு நேரம் என்ற இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. சோதிக்கும் கணினி தன் கடிகாரத்தைப் பார்த்தே அவற்றை மதிப்பிடுகிறது. ராஸ்பெர்ரி பை 4 வரையிலுமுள்ள அட்டைகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடக்கூடிய கடிகாரம் கிடையாது. ஐந்தாம் பதிப்பில் உண்டு என்றாலும் அதற்கு மின்கலத்தைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். மின்சாரம் போய் வெகுநேரம் கழித்து வரும்போது, இந்த அட்டைகள் கடைசியாக எழுதிவைத்த நேரத்திலிருந்து தொடங்குகின்றன. இணையத்திலிருந்து சரியான நேரம் கிடைக்கும்வரை பழைய காலத்திலேயே வாழ்கின்றன. ரவுட்டர் எழுந்து இணையம் வருவதற்குள் கிளஸ்டர் எழுந்துவிட்டால், அன்றைக்குக் காலையில் புதுப்பித்த சான்றிதழைப் பார்த்து, இது இன்னும் தொடங்கவே இல்லையே என்று அட்டை மறுத்துவிடும். சான்றிதழில் ஒரு குறையும் இராது, காலம்தான் பிசகியிருக்கும்.

இதற்கு நான் கண்ட பரிகாரம், தாய்ப்பலகையில் மின்கலம் உள்ள மேசைக் கணினி ஒன்றை வீட்டுக்குள் நேரம் சொல்லும் சர்வராக நியமித்து, அட்டைகள் எல்லாம் அதனிடம் நேரம் கேட்டறிந்த பிறகே கிளஸ்டர் சேவைகளைத் தொடங்குமாறு ஒழுங்கு செய்வதாகும். சான்றிதழின் தொடக்க நேரத்தைச் சற்று முன்தேதியிட்டு எழுதுவதும் கைகொடுக்கும். லெட்ஸ் என்க்ரிப்ட் ஸ்தாபனமே ஒரு மணி நேரம் முன்தேதியிட்டுத்தான் வழங்குகிறது. சான்றிதழில் உள்ளவை கிரீன்விச்சை ஒட்டிய பொது நேரங்கள் என்பதையும், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே இருக்கிறது என்பதையும், கடிகாரத்தைக் கையால் திருத்துகிறவர்கள் மறக்கலாகாது.

2014 ஜூலையில் நடந்தது

வேராக நிற்பவர்களின் பொறுப்பு எத்தகையது என்பதை நம் தேசத்தின் அனுபவம் ஒன்றே போதிக்கிறது. 2014 ஜூலை 2 அன்று, தனக்குச் சொந்தமான இணையப் பெயர்களுக்கு, தான் கேளாத சான்றிதழ்கள் புழங்குவதைக் கூகுள் கண்டுபிடித்தது. அவற்றை வழங்கியது, சிசிஏவின் வேரின்கீழ் சான்றளித்துவந்த தேசிய தகவலியல் மையத்தின் ஸ்தாபனம். மறுநாளே கட்டுப்பாட்டாளர் அந்த ஸ்தாபனத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். அதன் வழங்கும் முறை ஊடுருவப்பட்டிருந்தது என்றும், தவறாக வழங்கப்பட்டவை நான்கு என்றும் அவர் தரப்பில் தெரிவிக்கப்பட்டது. அந்த நான்கில் அடங்காதவற்றையும் தான் கண்டிருப்பதாகக் கூகுள் கூறியது. இந்திய வேர் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்ததனால் விண்டோஸில் ஓடும் பெரும்பாலான நிரல்கள் அந்தச் சான்றிதழ்களை நம்பியிருக்கும். தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் அந்த வேரை ஏற்றிருக்கவேயில்லை என்பதால் பாதிக்கப்படவில்லை. இதன்பின், இந்திய வேரின்கீழ் வரும் சான்றிதழ்களை அரசு, கல்வி, ரிசர்வ் வங்கி முதலிய ஏழு இணையப் பெயர்களுக்கு மட்டுமே குரோம் ஏற்கும் என்று கூகுள் வரம்பு கட்டிவிட்டது.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2011-இல், நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற ஸ்தாபனத்திற்குள் புகுந்தவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கி, ஈரான் மக்களின் மின்னஞ்சலை ஒற்றுப்பார்க்க அவற்றை உபயோகித்தார்கள். எல்லாப் பிரவுசர்களும் அந்த வேரை விலக்கியபின், அந்த ஸ்தாபனம் அதே செப்டம்பரில் திவாலாகிவிட்டது. பட்டம் பெற்ற வேர்களுக்கே இந்தக் கதி என்றால், வீட்டு வேரை அலட்சியமாக வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் சிந்தியுங்கள். கிளஸ்டருக்காக என்று சொல்லி உங்கள் சொந்த மடிக்கணினியில் நீங்கள் சேர்த்த வேரின் சாவி ஒருவன் கையில் சிக்கினால், அவன் கிளஸ்டருக்கு மட்டுமா சான்றிதழ் எழுதுவான்? உங்கள் வங்கியின் பெயரிலும் எழுதுவான். உங்கள் மடிக்கணினி அதையும் நம்பும்.

கூகுள் பின்னால் கட்டிய வரம்பை நாம் முன்னாலேயே கட்டிக்கொள்ளலாம் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். பெயர் வரம்பு என்ற குறிப்பைச் சான்றிதழில் எழுதினால், அதன்கீழ் வழங்கப்படும் சான்றிதழ்கள் அக்குறிப்பில் சொன்ன ஈற்றுக்குள் அடங்கும் பெயர்களுக்கே செல்லும். வேரில் எழுதப்பட்ட வரம்பைச் சோதிக்கும் கடமை எல்லா நிரல்களுக்கும் இல்லை என்பதனால், வேருக்குக் கீழே ஓர் இடைநிலைச் சான்றிதழை உண்டாக்கி, அதிலும் வரம்பை எழுதி, அன்றாட வேலைகளுக்கு அதன் சாவியையே உபயோகித்து, வேரின் சாவியை அலமாரியிலேயே விட்டுவையுங்கள். கிளஸ்டருக்குள் சான்றிதழ்களைத் தானாக வழங்கிப் புதுப்பிக்கும் செர்ட்-மேனேஜர் என்ற கருவிக்கும் இந்த இடைநிலைச் சாவியையே கொடுக்கலாம்; அது வழக்கமாக 90 நாள் ஆயுளுக்கு வழங்கி, மூன்றில் ஒரு பங்கு ஆயுள் மீதமிருக்கும்போதே புதுப்பித்துவிடுகிறது. பொது இணையச் சான்றிதழ்களின் ஆயுளையும் 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகக் குறைக்க 2025-இல் தீர்மானம் ஆகிவிட்டது. ஆகவே தானாகப் புதுப்பிக்கும் பழக்கத்தை இப்போதே கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு அது பிற்காலத்தில் பேருதவியாக இருக்கும்.

கிளஸ்டரைக் கலைக்கும்போது

குபெர்னெட்டிஸில் ஒரு பெருங்குறை உண்டு. தான் வழங்கிய பயனாளிச் சான்றிதழை இடையில் ரத்து செய்வதற்கு அதில் வழியில்லை. நிர்வாகியின் அடையாளக் கோப்பு ஒன்று வெளியே போய்விட்டால், அது காலாவதியாகும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது வேரையே மாற்ற வேண்டும். எந்த அனுமதிச் சோதனைக்கும் உட்படாத மேலான குழுவின் சான்றிதழைக் கியூப்அட்மின் 1.29-ஆம் பதிப்பு முதல் தனிக் கோப்பாகப் பிரித்து வைக்கிறது. அந்தக் கோப்பை எவருக்கும் கொடுக்காதீர்கள். பழக வரும் பிள்ளைகளுக்கு அவரவர் பெயரில், குறைந்த அதிகாரத்தோடு, சில நாட்களே செல்லும் சான்றிதழ்களைக் கொடுங்கள்.

கற்பித்து முடித்துக் கிளஸ்டரைக் கலைக்கும் நாளில் பலரும் கணினிகளை அழித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் சேர்த்த வேர், தங்கள் மடிக்கணினியிலும், பிள்ளைகளின் கணினிகளிலும், கைப்பேசிகளிலும் பத்தாண்டுக் காலத்திற்கு நம்பத்தக்கவர் பட்டியலிலேயே தங்கியிருக்கிறது. ஆகவே என் கூடத்தில், வேரை எந்தெந்தக் கருவியில் சேர்த்தோம் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைக்கிறோம். ஒரு வகுப்பு முடிந்தவுடன் அந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றிலிருந்தும் வேரை நீக்கி, எதிரில் கையெழுத்திட்டு, கடைசியில் அந்தரங்கச் சாவியையும் அழித்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் நீங்கள் கிளஸ்டர் அமைக்கப் போகிறீர்களானால், சாவியை உண்டாக்குவதற்கு முன்னால் அப்படி ஒரு நோட்டை வாங்கி, முதல் வரியில் வேரின் கைரேகையை எழுதுவதற்கு இடம் விட்டுவையுங்கள்.